விலை ஐயாயிரம்

அந்த வருடம் முப்பத்தெட்டுக் கூரை மாற்றினேன்.
கடைசியாக ஒரு லூத்தரன் தேவாலயம்,
முழுக்க ஸ்லேட் பலகை, செங்குத்தான சரிவு.
அந்தப் பணத்தில் ஒரு வயதுக் குட்டியாக வாங்கினேன்.
அதனால் பெயர் ஸ்லேட் ரூஃப்.
லாயத்தில் எல்லாருக்கும் அது டூலி,
ஏனென்று யாருக்கும் தெரியாது.

மாதம் பிறந்தால் எம்மெட்டின் கவர் வந்துவிடும்.
பயிற்சிக்கு நாளொன்றுக்கு எழுபத்தைந்து டாலர்.
லாடம் நான்கு காலுக்கும்.
பல் அராவியது. ஊசி. இன்னொரு ஊசி.
தோற்றாலும் ஜாக்கிக்கு நூறு.
தீவன விலை ஏறியதற்கு வருந்துவதாக அடியில் ஒரு வரி,
வருத்தத்துக்கு மட்டும் கட்டணம் இல்லை.

ஐலீன் கவரைப் பிரிக்காமலே
ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் சொருகிவிடுவாள்.
யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே,
யானையாவது சர்க்கஸில் முக்காலிமேல் உட்கார்ந்து
நாலு டிக்கெட் விற்றுக் கொடுக்கும்.

நவம்பரில் எம்மெட்
எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.
இடது முன்கால், கணுவுக்குப் பின்னால்,
சின்ன எலும்பில் ஒரு மயிரிழை.
"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."
கூரைக்காரனுக்கு மயிரிழை தெரியும்.
ஒழுகும் வீட்டில் ஏணி சாத்தினால்
முதலில் தேடுவதே அதைத்தான்.

"ஐயாயிரத்துக்கு இறக்கிவிடு" என்றான்.
"யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள்."

அந்தப் பந்தயத்தில்
ஓடுகிற எல்லாவற்றுக்கும் ஒரே விலை.
ஓட்டத்துக்கு முன்பே சீட்டெழுதிப் பெட்டியில் போட்டவன்
முடிந்ததும் பிடித்துக்கொண்டு போகலாம்.
பரிசு வந்தால் பழையவனுக்கு,
குதிரை புதியவனுக்கு.
மயிரிழை யாருக்கு என்று
நான் கேட்கவில்லை.
ஒரு காபி ஆறுவதற்குள்
சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆறாவது ஓட்டம். விளக்குப் போட்டாயிற்று.
ஈரி ஏரியிலிருந்து பனி சாய்வாக அடித்தது.
கடைசி வளைவில் உள்வேலியோடு ஒட்டி நுழைந்து
டூலி மூன்றாவதாக வந்தது.
நான் கத்தினேன்.
வெட்கமே இல்லாமல், தொண்டை கிழிய.

கடிவாளத்தில் சிவப்பு அட்டை மாட்டினார்கள்.
எடுத்தவன் ஒஹாயோக்காரன், ஆர்லின் பெக்.
கூடவே மகள், பத்து வயதிருக்கும்.
கையில் புத்தம்புது ஊதாக் கயிறு,
விலைச்சீட்டுக்கூடப் பிரிக்கவில்லை.
"இதுக்கு என்ன பிடிக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.
"பெப்பர்மின்ட்."
பையில் இருந்ததை எல்லாம் அவள் உள்ளங்கையில் கொட்டினேன்.
கால் எப்படி என்று அவள் கேட்கவில்லை.
பத்து வயதில் யார் கேட்பார்கள்.

பரிசோதனைக் கொட்டகையில்
டாக்டரம்மா அதை நேர்கோட்டில் நடக்கவிட்டாள்.
அப்புறம் மெல்ல ஓட.
இடது கால் தரையில் பதியும்போதெல்லாம்
தலை ஏறி இறங்கியது,
ஆமாம், ஆமாம், ஆமாம் என்று
என்னைப் பற்றி யாரோ கேட்டதற்குப்
பதில் சொல்வதுபோல.

விற்பனை ரத்து. இப்போது விதி அப்படி.
பெக்கின் ஐயாயிரம் பெக்குக்கு.
அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்,
கை கொடுக்கவில்லை, திட்டவுமில்லை.
பெண் ஊதாக் கயிற்றைச் சுற்றிச் சுற்றிச்
சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தாள் டாக்டரம்மா.
ஓடாத குதிரையும் தின்னும்.
வண்டியிலிருந்து ஐலீனைக் கூப்பிட்டேன்.
"போயிடுச்சா?"
"திரும்பி வந்துட்டுது."
அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் இயந்திரம்
ஒரு சுற்று முடித்து
அடுத்ததைத் தொடங்கும்வரை பேச்சில்லை.
"பரிசு?"
"ஆயிரத்துச் சொச்சம்."
"கால்?"
அவள்தான் முதலில் கேட்டாள்.

ஐஸ் வாளிக்குள் ஒரு கால் வைத்து
டூலி நின்றுகொண்டிருக்கிறது.
கழுத்தை நீட்டி என் சட்டைப் பையை முகர்கிறது.
ஒரு பை. மறு பை.
மறுபடி முதல் பை.