முப்பத்தொரு லிட்டர்

ஐந்து வருடம் என் கேமரா
மகனின் பழைய பள்ளிக்கூடப் பையில்
கம்பளிச் சட்டைக்குள் சுருண்டு கிடந்தது,
ரொட்டிக்கும் ஈரக் காலுறைக்கும் நடுவே.
மார்ச்சில் ஓர் ஓடையைத் தாண்டும்போது
லென்ஸுக்குள் ஒரு சொட்டு புகுந்தது.
அதிலிருந்து நான் எடுக்கும் மலைக்கெல்லாம்
இடது பக்கம் கண்புரை.

சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை
படகுத்துறை டிக்கெட் கவுன்டரைச் சாத்திவிட்டு
எலிசேயோ பர்ரியாவின் கடைக்குப் போனேன்.
புவேர்த்தோ நத்தாலெஸின் தகரச் சுவர்கள்
காற்றில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன.

வெறும் பையைத் தோளில் மாட்ட அவன் விடமாட்டான்.
"காலியா இருந்தா எல்லாப் பையும் நல்ல பைதான், யஸ்னா."
உருளைக்கிழங்கை நிறுத்து உள்ளே போடுவான்:
கேமராவுக்கு ஒரு கிலோ,
நீள லென்ஸுக்கு ஒன்றரை,
முக்காலிக்குப் பதில் ஒரு வெங்காயச் சரம்.
பிறகு கடைக்குப் பின்னால் இருக்கும் மரப்படியில்
ஏறு, இறங்கு,
மறுபடி ஏறு.

நாற்பத்தைந்து லிட்டர், கல்யாண வீடு மாதிரி.
யார் வந்தாலும் இடம் உண்டு.
சுமப்பது மட்டும் நான் ஒருத்தி.

இருபது லிட்டர் கறுப்பு, நகரத்து மிடுக்கு.
கேமரா வைத்தால் ரொட்டிக்கு இடமில்லை,
ரொட்டி வைத்தால் மழைச்சட்டைக்கு இல்லை.
விரதக்காரிக்கு ஆகும்.

மூன்றாவதற்கு வாய் விலாவில்.
ஒரு தோளை உதறிச் சுழற்றினால்
கேமரா கைக்கு வந்துவிடும். நாலு விநாடி;
கடிகாரம் பார்க்காமலே எண்ணினான் எலிசேயோ.
நரி அவ்வளவு நேரம் நிற்கும் என்றான்.

நான்காவதற்கு முதுகில் வாய்.
சேற்றில் குப்புறப் போட்டுத் திறக்கலாம்,
என் முதுகு படும் இடம் காய்ந்தே இருக்கும்.
பேருந்தில் எவன் கையும் நுழையாது.
ஆனால் முழுதாய்க் கழற்ற வேண்டும்,
மண்டியிட வேண்டும்,
அதற்குள் நரிக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டு
"பாரம் தோளுக்கில்ல, இடுப்பெலும்புக்கு" என்றான்.
இரண்டு பிள்ளை சுமந்தவளிடம்.

படியின் ஆறாவது பலகையில் உட்கார்ந்து
மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
இந்த வருடம் நான் பார்த்த நரி, இரண்டு.
மிதித்த சேறு, தினமும்.
நான்காவதைக் கொடு என்றேன்.
பதினொரு தவணை.
உருளைக்கிழங்கைத் திரும்ப எண்ணி எடுத்துக்கொண்டான்,
ஒன்று குறைகிறது என்று என்னைச் சந்தேகமாய்ப் பார்த்தான்.

அடியில் ஒரு ரகசிய அறை,
அதில் மடித்த ஆரஞ்சு மழை உறை.
"இது இனாம்" என்றான்,
பையைவிட அதைப் பெருமையாய்க் காட்டி.

முதல் நடையிலேயே ஏரிக்கரையில் தூறல்.
உறையை எடுத்து உதறினேன்.
ஒரு மூலை மாட்டினேன்.
மறு மூலைக்குக் கை போவதற்குள்
காற்று அதை டிக்கெட் இல்லாமலே
அக்கரைக்கு ஏற்றி அனுப்பிவிட்டது.
குவனாக்கோ கூட்டம் ஒன்று
தலையைத் தலையைத் திருப்பி
அது போகும் வரை பார்த்தது.
நானும்.
பை நனைந்தது. உள்ளே நனையவில்லை.

நவம்பரில் அக்கரைப் பண்ணை வழியாக நடந்தேன்.
வேலியோரம் ரெமிஹியோ நின்றிருந்தார்,
இரவில் தாயை இழந்த குட்டி ஒன்றை
அக்குளில் இடுக்கிக்கொண்டு.
குட்டிக்கு ஆரஞ்சுச் சட்டை.
எலாஸ்டிக்கை வயிற்றுக்கடியில்
இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்.

பையைக் கழற்றினேன்.
சேற்றில் குப்புறப் போட்டேன்.
மண்டியிட்டு ஜிப்பை இழுத்தேன்.
யாருக்கும் அவசரமில்லை.
அவர் சிகரெட் சுருட்டி முடித்து
நக்கி ஒட்டவும் செய்தார்.
குட்டி என் லென்ஸை மோந்து பார்த்து
மூக்கால் ஒரு ஈரம் வைத்தது, இந்த முறை வெளிப்பக்கம்.

பையில் இருந்த முத்திரையைப் பார்த்தார்.
குட்டியின் முதுகில் இருந்ததையும் பார்த்தார்.
"உன்னுதா?"

முப்பத்தொரு லிட்டருக்குத் தைத்தது என்றேன்.
குட்டிக்குக் கழுத்துப் பக்கம்
கொஞ்சம் லூசாகத்தான் இருந்தது.