எண்பதாம் நாள்

பெண் குழந்தைக்கு எண்பதாம் நாள் திருமுழுக்கு.
ஆணாக இருந்தால் நாற்பதிலேயே முடிந்திருக்கும்.
கூடக் கிடைத்த நாற்பது நாளையும்
கயிறு தேடுவதில் கழித்தேன்.

மெக்கெலெ சந்தையில், இரும்புக்கடை ஹப்தோமிடம்
பேரம் பேசி வாங்கினேன். நீல நைலான், முப்பது மீட்டர்,
ஐந்நூறு கிலோ தாங்கும் என்று சீட்டில் அச்சடித்திருந்தது.
சாலைப் பணியில் சரிவை அளப்பவள் நான்.
எண்ணைப் பார்த்தால்தான் எனக்கு உறக்கம் வரும்.

நகரத்தில் நல்ல கோயில் இருக்கிறது ஆண்டவரே,
குழாயில் தண்ணீர் வருகிறது,
வாசல்வரை ஆட்டோ போகிறது,
அங்கே நீர் இல்லையா என்று கேட்டேன்.
பிரசவ வலியில் பிதற்றியதற்கெல்லாம்
கணக்கு வைப்பீரா என்றும் கேட்டேன்.
நீர் ஒன்றும் சொல்லவில்லை.
நான் சொன்னதுதான் தொண்டையில்
முள்ளாய் நின்றது:
இவள் மூச்சு விட்டால்
மலையுச்சிக் கோயிலுக்குத் தூக்கி வருகிறேன்.

விட்டாள்.

பாறையடியில் கஹ்சாய் நின்றிருந்தான், தேன் எடுப்பவன்.
"செருப்பைக் கழற்று" என்றான்.
கயிற்றைக் காட்டினேன்.
கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தத்தைப் பார்ப்பதுபோல்
மரியாதையாகப் பார்த்தான்.

சுற்றுப்பாதையில் ஏறி, காட்டு ஒலிவ வேரில்
நானே முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன்.
மூன்று முடிச்சு.
முதுகில் குழந்தை, இடுப்பில் கயிறு,
எதிரே செங்குத்தாய்ச் சிவந்த கல்.

பாதி ஏறும்வரை எல்லாம் சரியாக இருந்தது.
பிறகு கயிறு இடப்பக்கம் இழுத்தது,
வழி வலப்பக்கம் போனது.
கயிற்றின்மேல் குற்றமில்லை.
நான் கட்டிய இடத்துக்குத்தானே அது இழுக்கும்.

"அவிழ்" என்றான் கீழிருந்து.
மாட்டேன் என்றேன்.
எழுபத்திரண்டு பாகை சரிவு, என் எடை, குழந்தையின் எடை,
எல்லாம் கூட்டிக் கழித்துச் சத்தமாகவே சொன்னேன்.
கழுகு ஒன்று எங்களுக்குக் கீழே பறந்தது.
அவன் கேட்டு முடித்து, மறுபடியும்
"அவிழ்" என்றான்.

அவிழ்த்த விரல்கள் என்னுடையவைதானா என்று
இன்றைக்கும் சந்தேகம்.

"வலது காலைப் பக்கவாட்டில் இறக்கு."
"கீழே ஒன்றுமில்லை."
"இறக்கு."

குழி இருந்தது.
உள்ளே கல் வழுவழுவென்று,
யாரோ இப்போதுதான் எழுந்துபோன இருக்கையைப் போல
வெதுவெதுப்பாக.
என் குதிகாலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.
எனக்குமுன் எத்தனை தாய்களுக்கு அப்படி இருந்ததோ.

குதிகாலைப் பிடித்து அங்கே வைத்தது நீர் என்று
நான் சொல்லமாட்டேன்.
அது கஹ்சாயின் கை,
தேனீ கொட்டி வீங்கிய கட்டைவிரலோடு.
ஆனால் குழியை நானும் வெட்டவில்லை, அவனும் வெட்டவில்லை.

மேலே இருட்டும் சாம்பிராணியும்.
தண்ணீர் பட்டதும் ஒரே ஒரு கத்தல்.
ஃப்ரெவெய்னி என்று பெயர் விழுந்தது.

ஏறுவதில் கண்ணுக்கு வேலை உண்டு.
இறங்குவதில் இல்லை.
பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டியபடி
கட்டைவிரலால் தடவித் தடவி இறங்க வேண்டும்.
கற்றுக்கொண்டுவிட்டேன் என்று நினைத்தேன்.
மூன்றாவது குழியிலேயே மறுபடி வாதாடினேன்.

கயிற்றைக் கஹ்சாய் கேட்டான், கழுதைக்கு ஆகும் என்று.
கொடுத்துவிட்டேன்.
விலையைக் கணவனிடம் சொல்லவில்லை.

இது நடந்து ஏழு மாதம்.
இரவில் அவள் அழுதால் விளக்கைத் தேடாமல் எழுகிறேன்.
தரை இருக்கிறதா என்று கால் கேட்பதில்லை.

மற்ற இடங்களில் கேட்கிறேன்.

பதினேழாம் கிலோமீட்டரில், மண் சரியும் வளைவில்,
எண்ணைக் குறைத்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.
காலையில் கையெழுத்து.
எழுதாவிட்டால் வேலை இல்லை.
மேசையில் தாள்.
மடியில் அவள், பால் வடியும் வாயோடு.

இறக்கு என்கிறீர்.

கீழே ஒன்றும்
தெரியவில்லை
என்கிறேன்.