ஒன்பதாம் எண் மரவீடு

பெருநாள் விடுப்பு மூன்று நாள்.
ஆளுக்கு நூற்றுப்பத்து திர்ஹம் போட்டோம்.
ஹத்தா அணை தாண்டி, கல்மலைக்கு அடியில்
கூடாரங்கள் முடிகிற இடத்தில் மரவீடுகள்.
எங்களுக்கு ஒன்பதாம் எண்.
சாவி தந்த ரொகிபுல் இந்தியில் சொன்னான்:
ராத்திரி செருப்பை உள்ளே வையுங்கள்.
ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.
கோழி மசாலாவில் ஊறிக்கொண்டிருந்தது.

நால்வரும் லிஃப்ட் மெக்கானிக்.
ஷார்ஜாவில் ஒரே அறை, இரண்டு அடுக்குக் கட்டில்.
ஆறு வருடமாக என் முகத்துக்கு மேலே
பக்ருதீனின் மெத்தை பள்ளம் விழுந்து தொங்குகிறது.
இங்கே ஆளுக்கொரு கட்டில்.
இருதயராஜ் குறுக்கே படுத்துப் பார்த்தான்,
பிறகு நெடுக்கே,
மறுபடி குறுக்கே.

பத்தரைக்கு வந்தது அது.
ஏசி குழாய்க்கும் பலகைக்கும் நடுவே
இரண்டு விரல் சந்து,
யாரோ ஃபோம் அடிக்க மறந்த இடம்.
விட்டில் என்றான் வேலாண்டி.
விட்டிலுக்கு ஏதடா வால்?
நூல்போல நீண்ட வாலை இழுத்துக்கொண்டு
விளக்கைச் சுற்றி எட்டுப் போட்டது,
லைசென்ஸ் எடுக்க வந்ததுபோல.
பக்ருதீன் வாணலியோடு மேசைக்கு அடியில்.
விளக்கை அணை, கதவைத் திற,
அதுவாய்ப் போய்விடும் என்றது யார்?
நினைவில்லை. நானாகவும் இருக்கலாம்.

இருட்டு எங்களுக்குப் புதிதில்லை.
முப்பத்திரண்டு மாடிக் குழிக்குள்
பெட்டியின் தலைமேல் நின்று, நகர்த்துமுன்
ஓய் என்று கத்துவோம்.
கீழே இருப்பவன் ஓய் என்பான்.
அது வராமல் விரல் பொத்தானைத் தொடாது.
ஒருமுறை வரத் தாமதமானது.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

இதுவும் கத்திக்கொண்டேதான் பறக்கிறது,
நம் காதுக்கு எட்டாத ஓய்.
சுவர் பதில் சொல்கிறது, நாற்காலி சொல்கிறது,
பக்ருதீனின் வழுக்கை சொல்கிறது.
மூக்குநுனிக்கு ஒரு சாண் தள்ளித் தள்ளி
காற்று மட்டும் கன்னத்தில் திரும்பியது.
என்னைச் சுற்றி யாரோ
சுண்ணாம்புக் கோடு இழுப்பதுபோல் இருந்தது.
இவ்வளவு இடம்தான் நான் என்று
அப்போதுதான் தெரிந்தது.
கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

போகவில்லை.
டார்ச் அடித்தால், திரைக்கம்பியில்
இருதயராஜின் ஈர பனியனுக்குப் பக்கத்தில்
தலைகீழாய், வால் மேலே சுருண்டு.

வௌவால் வீட்டுக்கு வந்தால்
நீயும் தொங்கு நானும் தொங்கு என்பார்கள்.
இங்கே யார் வீட்டுக்கு யார் வந்தது?
வாடகை நாங்கள் கொடுத்தோம். சரி.
மலை?

பாயை இழுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.
அத்தனை பெரிய வெளியில்
நால்வரும் ஒட்டிக்கொண்டே படுத்தோம். பழக்கதோஷம்.
ஓடைப் பக்கம் தேரைகள்,
ஜெனரேட்டர் நின்றபின் இன்னும் சத்தமாய்.

மூன்றரைக்கு ஒரு நரி.
காதுதான் பெரிசு, உடம்பில் ஒன்றுமில்லை.
எலும்புப் பையை முகர்ந்தது, விட்டது.
இருதயராஜின் இடது செருப்பைக் கவ்விக்கொண்டது.
புதுசு. பெருநாளுக்கு வாங்கியது.
நான் முழித்துத்தான் இருந்தேன்.
வாசல் இலந்தை வரை போய்
ஒரு தடவை திரும்பிப் பார்த்தது,
சாட்சிக்காரனைப் பார்ப்பதுபோல.

காலையில் காரைச் சுற்றி மூன்று கழுதைகள்
கண்ணாடிப் பனியை நக்கிக்கொண்டிருந்தன.
ரொகிபுல் வந்தான்.
வௌவாலா, ஒன்பதில் எப்போதும் உண்டு என்றான்.
சந்தை அடைக்கச் சொல்லி மேனேஜர்
இரண்டு முறை ஆள்விட்டாராம்.
அடைக்கச் சொன்னது யாரிடம் என்று கேட்டோம்.
என்னிடம்தான் என்றான்.

வேலாண்டியின் டிக்கியில் ஃபோம் டப்பா இருந்தது,
எப்போதும் இருக்கும்.
எடுத்தான். குலுக்கிப் பார்த்தான்.
பாதிக்கு மேல் இருக்கிறது என்று சொல்லி
திரும்ப உள்ளே வைத்தான்.

இருதயராஜ் ஒற்றைச் செருப்போடு
வீடு வீடாய் விசாரித்துக்கொண்டிருந்தான்.
நானும் அவனோடு சேர்ந்து
புதருக்குள் குனிந்து தேடினேன்.