பூஜ்யத்தில் முடியும் எண்கள்

என் பதிவேட்டைப் புரட்டிய
திபிலிசி அதிகாரி கேட்டாள்:
"இந்த உருக்காலையில் யாருக்குமே
ஏழிலோ மூன்றிலோ ரத்தம் ஓடாதா, லாமாரா?"

நூற்றிருபது, நூற்று முப்பது, நூற்றறுபது.
கீழே எண்பது, எண்பது, எண்பது.
கையெழுத்து என்னுடையதுதான்.

பாதரசம் இறங்குகையில்
இரண்டு கோடுகளுக்கு நடுவே எங்கோ
முதல் 'டொக்'.
கேட்டதா, உலை உறுமியதா?
வாசலில் வரிசை. ஷிஃப்ட் மாறும் சங்கு.
பக்கத்துப் பூஜ்யத்தில் உட்கார்ந்துவிடுவேன்,
பேருந்தில் காலியாய்க் கிடந்த
இருக்கையில் உட்கார்வதுபோல்.

அவ்தாண்டிலின் புஜத்துக்குப்
பட்டை எட்டாது; இழுத்துக் கட்டுவேன்.
கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொன்னதில்லை.
ஊதும்போதெல்லாம் மருமகனைத் திட்டுவான்.
அதையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறேன்,
ஒன்பது வருடம், நூற்றறுபது என்று.
என் பூஜ்யத்தை நம்பி
டாக்டர் மூன்றாவது மாத்திரையும் எழுதினார்.

இன்று பெரிய பட்டை. வெறும் கை.
ஐந்து நிமிடம் வாயைத் திறக்காதே என்றேன்.
திருகை மெல்ல மெல்லத் தளர்த்தினேன்.

நூற்று ஏழு.

மறுபடியும் பார்த்தேன். நூற்று ஏழு.

"குணமாகிவிட்டதா!" என்று சிரித்தான்.
"உன் புதுப் பட்டைக்கு ஒயின் வாங்கித் தரணும்."

டாக்டருக்குச் சீட்டு எழுதப் பேனா தேடினேன்.
அதற்குள்,
போன பனிக்காலம் ஏணியில் தலைசுற்றி விழுந்தவன்
கைப்பிடியைத் தொடாமல்
படியிறங்கிக்கொண்டிருந்தான்.