தொழில் என்ற கட்டம்

எண்பது பொறி. ஒவ்வொன்றிலும்
சுட்ட கருவாட்டுத் துண்டு.
மிளாவோடையில் ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பூண்டுக் கிட்டங்கிகளின் சுவரோரம் வைத்துப் போனேன்,
பத்தடிக்கு ஒன்று.
எலி சுவரை உரசித்தான் நடக்கும்,
நடுத்தரையை அது நம்புவதில்லை.

விடியலில் ஒன்பது மூடியிருந்தன.
ஏழு எலி, ஒரு மூஞ்சூறு,
எதற்கு வந்ததென்று தெரியாத ஒரு தவளை.
"சாமி வாகனம் மேடம், விட்ருங்க"
என்றார் டிரைவர் கருத்தப்பாண்டி.
விட்டேன்,
ரெண்டு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு.

எலிகளுக்கு நோவே இல்லை.
கண்ணில் தெளிவு, மயிரில் எண்ணெய் மினுக்கம்,
ஒன்று சினையாகக்கூட இருந்தது.
அவற்றுக்கும் அந்தக் கிருமிக்கும்
வழக்கு எப்போதோ தீர்ந்து,
ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.
மூத்திரத்தோடு இறங்கும்,
பலகையில் காயும்,
பூண்டுச் சருகோடு சருகாய்க் கிடக்கும்
யாராவது கிளப்பும் வரை.

மாயக்காள், நாற்பத்தொன்று.
காய்ச்சல், இடுப்பில் குடைச்சல்,
ஐந்தாம் நாள் கண்வெள்ளையில் ரத்தம்,
ஆறாம் நாள் மூத்திரம் நின்றது.
டெங்கு இல்லை. எலிக்காய்ச்சல் இல்லை.
திண்டுக்கல்லில் மூன்று முறை டயாலிசிஸ்,
திரும்பி வந்தாள்.
போதுமணி, இருபத்தாறு.
வத்தலக்குண்டைத் தாண்டவில்லை.
செல்லாண்டி, லாரி லோடுமேன்,
ஈறிலிருந்து ரத்தம், பிழைத்தார்.

பூனாவிலிருந்து தாள் வந்தது.
மூன்றெழுத்து: ஹான்டா.
எலிகள் ஏழில் ரெண்டுக்கும் அதே.

படிவத்தை மறுபடி எடுத்தேன்.
வயது, பால், குடிநீர், வெளியூர்ப் பயணம்.
பெண்கள் இருவருக்கும்
தொழில் என்ற கட்டத்தில்
"இல்லை" என்றிருந்தது.
கையெழுத்து என்னுடையது.

டீக்கடையில் கேட்டேன்:
மழைக்கப்புறம் கிட்டங்கியை யார் திறப்பது?
"நாங்கதான்."
யார் கூட்டுவது?
டம்ளர்களைப் பார்த்துக்கொண்டார்கள்.
"அது வீட்ல பாத்துக்குவாங்க.
வேலைன்னு சொல்ல என்ன இருக்கு."
செல்லாண்டி மட்டும் கணக்கில் இடறினார்.
அவர் துடைப்பத்தைத் தொட்டதே இல்லை.
மண் சரிந்து மலைப்பாதை அடைத்த ராத்திரி
மூட்டைமேல் படுத்துத் தூங்கியிருக்கிறார்,
போதுமணி கூட்டிவிட்டுப் போன
ஒரு மணி நேரத்தில்.

நாலு கட்டம் போட்டேன்:
கூட்டியவர், கூட்டாதவர்,
காய்ந்தவர், காயாதவர்.
ஊரில் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தோம்.
பதினொரு பெண்களிடம் பழைய தடம்.
எப்போது வந்தது காய்ச்சல்?
"ரெண்டு வருசம் இருக்கும்,
விதைப்பூண்டு உதிர்க்கிறப்ப.
படுக்க எங்க நேரம்."

சுற்றறிக்கை எழுதினேன்:
உலர்ந்த தரையைக் கூட்டக் கூடாது,
பிளீச்சிங் தண்ணீர் தெளித்த பிறகே.
மாயக்காள் சிரித்தாள்,
இன்னும் முழுசாய்த் தெளியாத கண்ணோடு.
"ஈரம் பட்டா பூண்டு மொளச்சிரும் மேடம்.
கிலோ என்ன விலைன்னு தெரியுமா?"
தெரியாது.
நான் வாங்குவது நாலு பல்.

ரெண்டாம் வரைவு:
முதலில் பூண்டை வெளியே எடுக்கவும்.
எட்டு டன் பூண்டை, யார்?
அடித்தேன்.
கதவு ஜன்னலைத் திறந்து வைத்து
அரைமணி நேரம் தள்ளி நிற்கவும்.
முகக்கவசம் அணிந்து,
வெறுந்தரைக்கு மட்டும் தண்ணீர் தெளிக்கவும்.

கம்ப்யூட்டரில் தொழில் பட்டியல் இறங்கியது:
விவசாயம், கூலி, மாணவர், இல்லத்தரசி, மற்றவை.
மற்றவையைத் தொட்டால்
இருபது எழுத்துக்குள் விவரம் கேட்டது.
"கிட்டங்கி கூட்டுதல்" அடித்தேன், அடங்கியது.
போதுமணிக்கும் திருத்தினேன்.

மறுநாள் மாயக்காள் பூட்டைத் திறந்தாள்.
உள்ளிருந்து வந்த காற்றில் பூண்டும் புகையும்.
தள்ளி நிற்கச் சொன்னேன்.
நின்றாள்.
பிறகு மாட்டுக்குத் தண்ணி காட்டினாள்,
விறகைப் பிரித்து வெயிலில் போட்டாள்,
பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட்டாள்,
கவசத்தை மேலே இழுத்துக்கொண்டு வந்து கேட்டாள்:
"அரைமணி ஆச்சா மேடம்?"

மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒன்பது நிமிடம்.