திருப்திப் படிவம்

"இணையவழி வகுப்பில் உங்கள் திருப்தி:
ஒன்று முதல் ஐந்துவரை ஒன்றைத் தொடவும்."

ஏழாம் நம்பர் மலை, தண்ணித் தாங்கிக்குப் பின்னால்
இரண்டு கோடு சிக்னல்.
ஐந்து மணிவரை போன் எனக்கு,
பிறகு தம்பி டிலுக்சனுக்கு.

பாடம் புரிந்ததா என்கிறது மூன்றாம் கேள்வி.
மஸ்கெலியாவே கரைகிற மாதிரி மழை அன்றைக்கு.
சமன்பாடு பாதியில் உறைந்து
மிஸ்ஸின் வாய் திறந்தபடியே நின்றது.
செருப்பில் இரத்தம் பார்த்துத்தான்
அட்டை ஏறியது தெரியும்.

மறுபடி நுழைந்தபோது
எல்லாரும் போய்விட்டிருந்தார்கள்.
மிஸ் மட்டும்,
அடுப்படி விசில் சத்தத்தோடு:
"வந்துட்டியா சுபாங்கனி?
எந்த வரியில விட்டோம்?"

அதற்கொரு பெட்டி இல்லை படிவத்தில்.
ஐந்தைத் தொட்டேன்.

வட்டம் சுற்றுகிறது,
சுற்றுகிறது.
தாங்கிமேல் ஏறிப் பிடித்தால் போய்விடும்.
கீழே லயத்து வாசலில் டிலுக்சன்
மணி ஐந்து, ஐந்து என்று கத்துகிறான்.