பதினெட்டு வோல்ட்

கிம் மோ ஈரச்சந்தைக்குப் பின்னால்
இரும்பு அலமாரி, மீன்தொட்டி, மூன்று மின்விசிறி
எல்லாவற்றையும் தாழ்வாரத்தில் பரப்பி
வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார் குவெக்.
"ரயில் ஓடாது" என்றார் முன்கூட்டியே.
ஓடாததைத்தான் தேடுகிறேன் என்று நான் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் முப்பது வெள்ளி கேட்டிருப்பார்.
பதினெட்டுக்கு முடிந்தது.
பிஸ்கட் டின்னுக்குள் ஓர் எஞ்சின், இரண்டு பெட்டி,
பதினொரு வளைவு, ஒரே ஒரு நேர்த்தண்டவாளம்.
வட்டம் மூடப் பன்னிரண்டு வளைவு வேண்டும்.

கடைசி ரயில் போனபின்
விளக்கோடும் அளவுகோலோடும்
சுரங்கத்தில் நடக்கிறவர்களில் நான் ஒருத்தி.
மூன்று மணி நேரம்தான்.
அதற்குள் எந்த ஆணிக்கும் எண் உண்டு,
எந்த விரிசலுக்கும் படிவம்,
அரை மில்லிமீட்டருக்கும் ஒரு கையெழுத்து.
மூன்றாம் தண்டவாளத்தில் எழுநூற்றைம்பது வோல்ட்.
அணைத்தாயிற்று என்று மூன்று பேர் சொன்னாலும்
நாலாவதாக மானியைக் கேட்டுத்தான் கால் வைப்போம்.

விடிகாலை ஐந்தரைக்கு ஈசூனில் வீடு.
தூக்கம் வராத அந்த ஒன்றரை மணி நேரத்தில்
சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாள் விரித்து
எஞ்சினைக் கழற்றினேன்.
கிரீஸ் மெழுகாகி
பல்சக்கரத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது
கடன்காரனைப்போல.
பழைய பல்துலக்கி, டர்பன்டைன், ஊசிமுனை.
"தோசையில் பெயின்ட் வாசம்" என்றான் தவசீலன்
மூன்றாவது தோசையை மடித்தபடி.

கரித்துண்டை அழுத்தும் சுருள்வில்
இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு தகரப் பட்டை.
இடுக்கியால் எடுத்துத் திருப்பினேன்.
வெட்டுப்பட்ட நீல எழுத்து, பாதிப் பூ.
கெட்டிப்பால் டின்.
யாரோ
கத்தரிக்கோலும் கெட்டவார்த்தையுமாய்
இந்த இரண்டு அங்குல இருட்டுக்குள்
எனக்கு முன்னமே கையை விட்டிருக்கிறார்.
குவெக்கை அழைத்துக் கேட்டேன்.
"நான் வாங்கியதே பழசு.
என்னிடம் ஒருநாளும் ஓடியதில்லை" என்றார்.
பிறகு, "மீன்தொட்டி வேண்டுமா?"

அசல் சுருள்வில் தபாலில் வந்தது.
உறையைப் பிரிக்கவில்லை.
தகரத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி
வந்த வளைவிலேயே திரும்ப வைத்தேன்.

மின்மாற்றியின் கம்பி தொட்டதும் உதிர்ந்தது.
தவசீலனின் துளைப்பானில் இருந்த பேட்டரி
அதே பதினெட்டு வோல்ட்.
இரண்டாம் பெட்டியின் கூரையை அறுத்தேன்.
சேகரிப்பவர்கள் அழுவார்கள்; அழட்டும்.
பேட்டரி அதில் உட்கார்ந்தது,
சிறுபிள்ளை நாற்காலியில் பெரியப்பா மாதிரி.
கம்பியும் தகரமும் முட்டிக்கொள்ளாமல் இருக்க
காலாவதியான என் பயண அட்டையிலிருந்து
ஒரு துண்டு வெட்டிச் செருகினேன்.
கடைசி நான்கு இலக்கம் அதில் தெரிகிறது.
அடுத்துத் திறப்பவர்
என்னை எந்த மொழியில் திட்டுவாரோ.

நேர்த்தண்டவாளத்தைக்
குக்கரின் வயிற்றில் வைத்து வளைத்தேன்.
நான் வளைவு என்றால் அது வளைவுதான்.
வேலையிடத்தில் இப்படியொரு துண்டு இருந்தால்
சேவையையே நிறுத்திவிடுவார்கள்.

மின்சாரம் இனி வண்டிக்குள்.
தண்டவாளம் வெறும் வழி.
தெரிந்தும் நடுத்தண்டவாளத்தில் மானியை வைத்தேன்.
பூஜ்யம்.
"அணைத்தாயிற்று" என்றேன்
யாருமில்லாத கூடத்தில், உரக்க.

ஓடியது.
முதல் சுற்றில் புகைபோல ஒரு வாடை,
இரண்டாவதில் அதுவும் போயிற்று.
என் வளைவுக்கு வரும்போது மட்டும்
ஒரு குலுங்கல்,
டக்,
பிறகு எதுவும் நடக்காததுபோல் மேலே.

கதவு தட்டும் சத்தம்.
கீழ்வீட்டு ஹாமிதா, தலைத்துணியைச் சரிசெய்தபடி.
"தையல் இயந்திரமா? பதினான்கு டக் எண்ணிவிட்டேன்."
உள்ளே வந்து பார்த்தார்.
குனிந்து, பதினைந்தாவதுக்காகக் காத்திருந்தார்.
அது வந்தது.
"அந்த இடத்தைச் சரிசெய்யமுடியாதா?"

என் பைக்குள் அளவுகோல் இருக்கிறது.
எடுக்கவில்லை.
"முடியும்" என்றேன்.
என் முகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.
"சரி, நாளையிலிருந்து ஏழு மணிக்குமேல் ஓட்டு."

ஒப்புக்கொண்டேன்.
படிவம் நீட்டியிருந்தால்
கையெழுத்தும் போட்டிருப்பேன்.